இரவு ஆன்ம ஆய்வு: தொடங்குபவர்கள் சறுக்கும் இடங்கள்

படுக்கப் போகும் முன் கால் மணி நேரம் கடவுள்முன் உட்கார்ந்து, கழிந்த பகலை அவரோடு சேர்ந்து பார்ப்பதுதான் ஆன்ம ஆய்வு. இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் தம் ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ நூலில் இதை ஐந்து படிகளாக வைத்திருக்கிறார்: பெற்ற நன்மைகளுக்கு நன்றி, குறைகளைக் கண்டுகொள்ள அருள் கேட்பது, காலை எழுந்தது முதல் இதுவரை நடந்ததைப் பார்ப்பது, மன்னிப்பு, திருந்தும் தீர்மானம். கடைசியில் ஒரு ‘விண்ணுலகிலிருக்கிற எங்கள் தந்தையே’.

சில நாள் ஒதுங்கியிருந்து செபிக்கும் தியானத்துக்குப் போய் வந்த கையோடு பலர் ஆர்வமாகத் தொடங்குகிறார்கள்; சில வாரங்களில் விட்டுவிடுகிறார்கள். நாங்கள் இடறிய அதே கற்களில்தான் அவர்களும் இடறுகிறார்கள். தூக்கம், கைபேசி, வீட்டுச் சத்தம் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அவற்றை அவரவரே சமாளித்துக்கொள்வார்கள்.

நன்றியைத் தாண்டிக் குதித்துப் பாவத்தை எண்ணுவது

எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடக்கிற தவறு இது. பார்க்கும்போதெல்லாம் மனம் பொறுக்கவில்லை. சிலுவை அடையாளம் போட்டு உட்கார்ந்ததும் தனக்குத்தானே குற்றப்பத்திரிகை வாசிக்கத் தொடங்கிவிடுகிறார்கள்: காலையில் அம்மாவிடம் எரிந்து விழுந்தேன், அலுவலகத்தில் புறம் பேசினேன், செபமாலையில் மனம் அலைந்தது. பத்து நிமிடத்தில் முகம் தொங்கிவிடுகிறது. மறுநாளும் அதே பட்டியல். தினமும் தன்னைத் தானே அடித்துக்கொள்ளும் இடத்துக்கு எவ்வளவு நாள்தான் ஒருவர் மனமுவந்து வருவார்?

நன்றி முதற்படியாக இருப்பது மரியாதைக்காக அல்ல. அன்பு செய்யப்பட்டவராக உட்கார்ந்தால்தான் சொந்தக் குறையை நேராகப் பார்க்க முடியும். நன்றி இல்லாமல் பார்க்கும் கண் ஒன்று சாக்குச் சொல்லும், இல்லையென்றால் நொறுங்கிப்போகும். இரண்டாவது படியை விடுவதும் அதே அளவு கெடுதல். அருளைக் கேட்காமல் தொடங்கினால் தேடுவது நம் மூளை மட்டும்தான். அதற்குப் பழகிய நாலைந்து குற்றங்களையே அது திரும்பத் திரும்ப எடுத்து நீட்டும்.

பாவத்தை எண்ணி எண்ணி என்ன ஆகும் என்பதை இஞ்ஞாசியாரே பட்டறிந்தார். ஸ்பெயினின் மொந்செராத் மடத்தில் மூன்று நாள் எழுதிவைத்துப் பொதுப் பாவசங்கீர்த்தனம் செய்தார்; அதாவது, வாழ்நாள் பாவங்களையெல்லாம் குருவிடம் அறிக்கையிட்டார். பிறகு 1522-இல் பக்கத்து ஊரான மன்ரேசாவில் தங்கியிருந்தபோது, எதையோ சொல்லாமல் விட்டோம் என்ற அரிப்பு விடவில்லை. மறுபடி மறுபடி அறிக்கையிட்டார். ‘மிகத் தெளிவாக இருப்பதைத் தவிர பழையதைச் சொல்லாதே’ என்றார் குரு. இஞ்ஞாசியாருக்கோ எல்லாமே தெளிவாகத்தான் தெரிந்தன. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம்வரை போனது. ஒரு வாரம் எதுவும் உண்ணாமல் கிடந்தார். உண்ணும்படி குரு கட்டளையிட்ட பிறகே உண்டார். ஒரு பாவத்தின் நினைவு அடுத்ததைச் சங்கிலிபோல் இழுத்து வருவதையும், அந்தச் சங்கிலி எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதையும் கவனித்த பிறகுதான், பழையதை இனி அறிக்கையிடுவதில்லை என்று முடிவெடுத்து விடுபட்டார். ஐந்து படிகளின் வரிசையை மாற்றத் துணிகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

பதினைந்து நிமிடத்தை இப்படிப் பிரித்துப் பாருங்கள்: நன்றிக்கு நான்கு, அருள் கேட்க ஒன்று, பகலைப் பார்க்க ஐந்து, மன்னிப்புக்கும் கடவுளோடு உரையாடவும் மூன்று, நாளைய தீர்மானத்துக்கு இரண்டு. முதல் இரண்டு வாரம் நன்றியையே எட்டு நிமிடமாக நீட்டினாலும் நஷ்டமில்லை. ஆனால் ‘எல்லாவற்றுக்கும் நன்றி ஆண்டவரே’ என்று மொத்தமாக முடிக்காதீர்கள். பேருந்தில் இடம் தந்த பெண், சரியான பதத்தில் வந்த ரசம், கணக்கில் இருந்த பிழையை மேலாளர் பார்க்கும் முன் சுட்டிக்காட்டிய சக ஊழியர் என்று குறைந்தது மூன்று நன்றிகள் பெயரோடும் நேரத்தோடும் வர வேண்டும்.

இதையெல்லாம் செய்தும் குற்றவுணர்வு தூக்கத்தையும் சாப்பாட்டையும் கெடுத்தால், ஆய்வை நிறுத்திவையுங்கள். ஒரே ஆன்ம குருவிடம் போய் அவர் சொல்வதைக் கேளுங்கள். மனநல மருத்துவரையும் பாருங்கள்.

பாவசங்கீர்த்தனத்துக்கான தயாரிப்பாக நினைப்பது

அது வேறு, இது வேறு. அங்கே குருவிடம் பாவங்களை அறிக்கையிடுகிறோம்; இங்கே கடவுளோடு சேர்ந்து பகலைப் பார்க்கிறோம்.

நாள் முழுவதையும் ஒப்பிப்பது

காலை காபியில் தொடங்குகிறவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு வருவதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. பகலை இரண்டு நிமிடத்தில் வேகமாக ஓட்டுங்கள். மனம் எங்கே சூடானது, எங்கே லேசானது, எங்கே சுருங்கியது என்று பார்த்து ஒரே ஓர் இடத்தில் நில்லுங்கள். கோபம் வந்ததா என்பதைவிட, வருமுன் உள்ளே என்ன நடந்தது என்பதுதான் கேள்வி. பெரும்பாலும் அங்கே ஒரு பயம் உட்கார்ந்திருக்கும். 1972-இல் அமெரிக்க இயேசு சபைக் குரு ஜார்ஜ் ஆஷென்பிரென்னர் எழுதிய ஒரு கட்டுரைக்குப் பிறகு, செயல்களை எண்ணுவதைவிட இந்த உள்ளசைவைக் கவனிப்பதே பல தியான இல்லங்களில் முதலிடம் பெற்றது.

ஐந்து குறைகளை ஒரே வாரத்தில் திருத்தப் பார்ப்பது

ஒன்று போதும். இஞ்ஞாசியார் இதற்கென்றே ‘தனி ஆய்வு’ வைத்திருக்கிறார். எழுந்ததும் அந்த ஒரு குறையை நினைவில் கொள்வது, மதிய உணவுக்குப் பின்னும் இரவு உணவுக்குப் பின்னும் எத்தனை முறை விழுந்தோம் என்று பார்ப்பது. தாளில் ஒரு நாளைக்கு இரண்டு கோடுகள், ஒவ்வொரு வேளைக்கும் ஒன்று. விழுந்த ஒவ்வொரு முறைக்கும் ஒரு புள்ளி. விழுந்த உடனே நெஞ்சில் கை வைக்கச் சொல்கிறார். கூட்டத்தின் நடுவிலும் பிறர் கவனிக்காமல் செய்துவிடலாம். முதல் வாரத்தில் புள்ளிகள் கூடினால் பயப்படாதீர்கள். கவனம் கூடியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஆகாயத்தளவு தீர்மானம்

‘இனிக் கோபப்படவே மாட்டேன்’ மறுநாள் ஏழு மணிக்கே உடைந்துவிடும். ‘நாளை மகனைப் பள்ளிக்குக் கிளப்பும்போது ஷூவைத் தேடும் அந்த ஐந்து நிமிடம் குரலை உயர்த்தாதிருக்க அருள் தாரும்’ என்று கேளுங்கள்.

வறண்ட இரவில் சீக்கிரம் எழுந்துவிடுவது

ஒன்றும் தோன்றாத இரவுகள் வரும். தியான நேரத்தில் வறட்சி வந்தால் குறித்த நேரத்தைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கச் சொல்கிறார் இஞ்ஞாசியார். ஆறுதலற்ற வேளையில் முன்பு எடுத்த முடிவுகளை மாற்றவும் கூடாது என்கிறார். கால் மணி நேரம் என்றால் பதினாறாவது நிமிடமும் இருங்கள். ஆய்வை விட்டுவிடலாமா என்ற கேள்வியை அன்றிரவு எடுக்க வேண்டாம்.