ஆபீஸ் இன்ஷூரன்ஸ் முடிகிறதா? மெடிகேர் மருந்துத் திட்டத்துக்கு மாறுவது எப்படி

நியூஜெர்சியில் எங்கள் பக்கத்து வீட்டு மாமா 67 வயதில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். அவருக்கும் மாமிக்கும் கம்பெனி இன்ஷூரன்ஸ் ஜூன் 30-ஓடு முடிந்தது. "மெடிகேர் கார்டுதான் இருக்கே, மருந்தும் அதுலயே வந்துடும்" என்று ஜூலையில் பார்மசிக்குப் போனார். மாமியின் இன்சுலினுக்கு முழு விலை கேட்டார்கள். அன்று ராத்திரி அவர்கள் வீட்டில் உட்கார்ந்து நாங்கள் செய்த வேலைகளை, எந்த வரிசையில் முன்பே செய்திருக்க வேண்டுமோ அந்த வரிசையில் எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். மெடிகேர் என்பது அமெரிக்காவில் முக்கியமாக 65 வயதானவர்களுக்கு அரசு நடத்தும் மருத்துவ இன்ஷூரன்ஸ். அதில் பார்ட் ஏ ஆஸ்பத்திரிக்கு, பார்ட் பி டாக்டருக்கு. பார்மசியில் வாங்கும் மருந்துக்குப் பார்ட் டி. அதைத் தனியார் கம்பெனிகள் நடத்துகின்றன. நாமேதான் தேடிச் சேர வேண்டும்.

படி 1: ஹெச்.ஆரிடம் இரண்டு கேள்விகள்

கவரேஜ் சரியாக எந்தத் தேதியில் முடிகிறது? கடைசி வேலை நாளன்றா, அந்த மாதக் கடைசியிலா? இதை எழுத்தில் வாங்குங்கள்.

அடுத்தது, 'கிரெடிட்டபிள் கவரேஜ்' கடிதம். உங்கள் பழைய மருந்துக் கவரேஜ் பார்ட் டி அளவுக்காவது இருந்தது என்று சொல்லும் கடிதம் அது. ஆண்டுதோறும் அக்டோபர் 15-க்கு முன் வீட்டுக்கு வந்திருக்கும். பலர் விளம்பரம் என்று நினைத்துக் கிழித்துப் போட்டுவிடுகிறார்கள். மறுபடி கேட்டு வாங்கி, பாஸ்போர்ட் வைக்கும் இடத்தில் வையுங்கள்.

படி 2: தேதிக் கணக்கு

அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரைதான் பார்ட் டி எடுக்க முடியும் என்று காத்திருக்க வேண்டாம். ஆபீஸ் கவரேஜ் முடிந்தவர்களுக்குத் தனி வாய்ப்பு உண்டு: கவரேஜ் முடிந்த மாதத்துக்குப் பின் இரண்டு முழு மாதங்கள். ஜூன் 30-இல் முடிந்தால் ஆகஸ்ட் 31 வரை.

ஆனால் கடைசி நாள் வரை போகாதீர்கள். விண்ணப்பித்த மாதத்துக்கு அடுத்த மாதம் 1-ஆம் தேதிதான் திட்டம் தொடங்கும். ஜூனிலேயே விண்ணப்பித்தால் ஜூலை 1 முதல் மருந்து கிடைக்கும். மாமா ஜூலையில் விண்ணப்பித்ததால் அந்த மாதம் முழுக்கக் கைக்காசு.

தொடர்ந்து 63 நாள் அல்லது அதற்கு மேல் தகுந்த கவரேஜ் இல்லாமல் இருந்தால் அபராதம். விடுபட்ட ஒவ்வொரு மாதத்துக்கும், மெடிகேர் ஆண்டுதோறும் அறிவிக்கும் தேசிய அடிப்படைப் பிரீமியத்தில் 1 சதவீதம். 2026-இல் அந்த அடிப்படை 38.99 டாலர். 14 மாதம் விட்டவருக்கு மாதம் சுமார் 5.50 டாலர். சிறிய தொகைதான். ஆனால் பார்ட் டி இருக்கும் வரை ஒவ்வொரு மாதமும் கட்ட வேண்டும், அடிப்படை ஏறினால் அதுவும் ஏறும்.

கோப்ரா (வேலை முடிந்தபின் நாமே பிரீமியம் கட்டி அதே கம்பெனி இன்ஷூரன்ஸைச் சில காலம் தொடர்வது) எடுப்பவர்கள் கவனியுங்கள். மருந்து விஷயத்தில் அது கிரெடிட்டபிளாக இருக்கலாம். பார்ட் பி விஷயத்தில் கணக்கில் வராது. வேலையோ ஆபீஸ் கவரேஜோ, எது முதலில் முடிகிறதோ அதிலிருந்து 8 மாதத்துக்குள் பார்ட் பி எடுத்தாக வேண்டும்.

படி 3: மருந்துப் பட்டியல்

வீட்டிலுள்ள எல்லா டப்பாக்களையும் மேஜையில் வைத்து, பெயர், மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை என்று எழுதுங்கள். கணவனுக்கும் மனைவிக்கும் தனித்தனிப் பட்டியல். மெடிகேரில் குடும்பத் திட்டம் கிடையாது. மாமாவுக்குச் சரியான திட்டம் மாமிக்குச் சரியாக இருக்க வேண்டியதில்லை.

மெடிகேர் டாட் கவ் தளத்தில் ஜிப் கோடு, மருந்துகள், வழக்கமாகப் போகும் பார்மசி ஆகியவற்றைக் கொடுத்தால் திட்டங்கள் வரிசையாக வரும். பிரீமியத்தை மட்டும் பார்த்து மயங்காதீர்கள். பிரீமியம், டிடக்டிபிள் (திட்டம் பணம் தரத் தொடங்குமுன் நாம் கட்டும் தொகை), மருந்துக்குக் கட்டும் பங்கு எல்லாம் சேர்ந்த வருடச் செலவைப் பாருங்கள். டிடக்டிபிள் 2026-இல் 615 டாலர் வரை போகலாம். திட்டத்தில் அடங்கிய இன்சுலின் வகை ஒவ்வொன்றும் மாதம் 35 டாலருக்கு மேல் போகாது. திட்டம் ஏற்கும் மருந்துகளுக்கு 2026-இல் உங்கள் கையிலிருந்து 2,100 டாலர் போனபின் அந்த வருடம் மேற்கொண்டு கட்ட வேண்டாம்.

ஒவ்வொரு மருந்துக்கும் எதிரே 'முன் அனுமதி தேவை' என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் டாக்டர் ஆபீஸுக்கு இப்போதே சொல்லிவிடுங்கள்.

படி 4: சேருதல்

அதே தளத்தில் சேரலாம், அல்லது 1-800-633-4227-ஐ அழைக்கலாம். மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம், கட்டணம் இல்லை. ஒவ்வொரு மாநிலத்திலும் 'ஷிப்' என்ற இலவச ஆலோசனைச் சேவை இருக்கிறது; அவர்களிடம் விற்க எதுவும் இல்லை என்பதால் எனக்கு அவர்கள்மேல்தான் நம்பிக்கை. ஏற்கெனவே ஒரு பார்ட் டி திட்டத்தில் இருந்தால் தனியாக ரத்து செய்யாதீர்கள். புதியது தொடங்கும்போது பழையது தானே விலகும்.

படி 5: முதல் 90 நாள்

புதிய திட்டத்தின் பட்டியலில் உங்கள் மருந்து இல்லையென்றால் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். முதல் 90 நாளுக்குள் ஒரு மாதத்துக்கான மருந்தைத் தற்காலிகமாகத் தர வேண்டும் என்பது விதி. பார்மசியில் கேளுங்கள். அந்த இடைவெளியில் டாக்டர் மாற்று மருந்து எழுதலாம், அல்லது விதிவிலக்கு கேட்கலாம்.

சென்னைக்கு நீண்ட பயணம் போகிறவர்களுக்கு: அங்கே வாங்கும் மருந்துக்குப் பார்ட் டி பணம் தராது. கிளம்புவதற்குச் சில வாரங்கள் முன்பே, 90 நாள் மருந்தைச் சேர்த்து வாங்க முடியுமா என்று திட்டத்துக்குப் போன் செய்து கேட்டுவிடுங்கள்.