பிரிட்டனில் ஸ்மார்ட் மீட்டர்: பொருத்துவதா, வேண்டாமா என்று முடிவு செய்வது எப்படி?

இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகிய பகுதிகளில் வசிப்பவர்களுக்கு, ஸ்மார்ட் மீட்டர் பொருத்திக்கொள்ளுமாறு மின்சார, எரிவாயு நிறுவனங்களிடமிருந்து கடிதங்களும் குறுஞ்செய்திகளும் ஓயாமல் வந்துகொண்டிருக்கின்றன. பொருத்தினால் கட்டணம் குறையும் என்ற தொனியிலேயே அவற்றில் பெரும்பாலானவை எழுதப்படுகின்றன. ஆனால் மீட்டர் எதையும் மிச்சப்படுத்துவதில்லை. அது அளக்கிறது, அளந்ததை அனுப்புகிறது, அவ்வளவுதான். அரை மணிக்கு ஒருமுறை அளக்க முடிவதால் கிடைக்கும் கட்டணத் திட்டங்களே உண்மையான மிச்சத்தைத் தருகின்றன. ஆகவே முடிவெடுக்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி, நமது மின்பயன்பாட்டில் எவ்வளவு பகுதியை வேறு நேரத்துக்கு மாற்ற முடியும் என்பதே.

மீட்டரை ஏற்பது சட்டப்படி கட்டாயமில்லை. இன்று மறுத்துவிட்டு அடுத்த ஆண்டு கேட்டு வாங்கிக்கொள்ளலாம். எனினும் பழைய மீட்டரின் ஆயுட்காலம் முடிந்துவிட்டால் அதை மாற்றியே தீரவேண்டும். அப்போது பல நிறுவனங்களிடம் பழைய வகை மீட்டர் கையிருப்பில் இருப்பதில்லை. இரவில் வெப்பத்தைச் சேமித்துப் பகலில் வெளிவிடும் சேமிப்பு ஹீட்டர்களை மலிவு விலையில் சூடேற்ற, வானொலி அலை வழியே இயங்கும் பழைய மீட்டர் உள்ள வீடுகளுக்கோ வேறு வழியே இல்லை. பிபிசியின் நெடுஅலை ஒலிபரப்போடு சேர்த்து அனுப்பப்பட்டுவந்த அந்தச் சமிக்ஞை, 2025 ஜூன் 30 முதல் பகுதி பகுதியாக நிறுத்தப்படத் தொடங்கியது. அத்தகைய மீட்டர் இன்னும் மாற்றப்படாமல் இருந்தால், ஹீட்டர் தவறான நேரத்தில் இயங்கவோ இயங்காமலே போகவோ கூடும் என்பதால், உடனே நிறுவனத்தை அழைக்க வேண்டும்.

பொருத்துவதற்குத் தனியாகப் பணம் கேட்கப்படுவதில்லை. அதனால் இலவசம் என்று எண்ணிவிட வேண்டாம். இத்திட்டத்தின் செலவு எல்லா வாடிக்கையாளர்களின் கட்டணத்திலும் பரவலாகச் சேர்க்கப்படுகிறது. மீட்டரை மறுப்பவரும் அதற்கான பணத்தைச் செலுத்திக்கொண்டுதான் இருக்கிறார். எனவே செலவை மிச்சப்படுத்துவதற்காக மறுப்பதில் பொருளில்லை.

யாருக்கு உண்மையிலேயே பயன்படும்? மின்சாரக் கார் வைத்திருப்பவருக்கு விடை எளிது. பகலில் ஒரு யூனிட் 25 பென்ஸ் என்றும் இரவுநேரத் திட்டத்தில் 8 பென்ஸ் என்றும் கொண்டால், ஆண்டுக்கு 2,000 யூனிட் காருக்கு ஏற்றும் வீட்டில், அதாவது ஏறத்தாழ 11,000 கிலோமீட்டர் ஓட்டும் வீட்டில், 340 பவுண்டு மிஞ்சும். இத்தகைய திட்டங்களுக்கு ஸ்மார்ட் மீட்டர் இன்றியமையாதது. கூரையில் சூரியத் தகடு பொருத்தியவருக்கும் அப்படியே: 2020 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள ஏற்றுமதி உத்தரவாதத் திட்டத்தின்கீழ், மிகுதி மின்சாரத்துக்குப் பணம் பெற வேண்டுமானால், வெளியே செல்லும் மின்சாரத்தை அரை மணிக் கணக்கில் அளக்கக்கூடிய மீட்டர் வேண்டும்.

கார் இல்லாத சாதாரண வீடு என்றால் கணக்கை நிதானமாகப் போட வேண்டும். இரவுநேரத் திட்டங்கள் பலவற்றில் இரவு விலை குறையும்போது பகல் விலை சற்று ஏறுகிறது. இரவு ஏழு மணிநேரம் மட்டும் மலிவாக இருக்கும் பழைய எகானமி 7 வகைத் திட்டத்தில், மொத்தப் பயன்பாட்டில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கேனும் அந்த நேரத்துக்குள் விழுந்தால்தான் லாபம் என்பது பொதுவான கணக்கு. ஆக்டோபஸ் நிறுவனத்தின் அஜைல் போன்ற திட்டங்களில் விலை அரை மணிக்கு ஒருமுறை மாறும். மறுநாள் விலைகள் முந்தைய நாள் மாலையே வெளியிடப்படும். காற்று பலமாக வீசி, காற்றாலை மின்சாரம் மிகும் இரவுகளில் விலை பூஜ்யத்துக்குக் கீழே போவதும் உண்டு. ஆனால் மாலை 4 மணி முதல் 7 மணி வரை விலை உச்சத்தில் இருக்கும். பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்து, இரவுச் சமையல் நடக்கும் நேரம் அதுவே. மின்அடுப்பில் சமைக்கும் பெரிய குடும்பம் அந்த மூன்று மணிநேரத்தைத் தவிர்க்க முடியாதென்றால் அஜைல் போன்ற திட்டம் அதற்கு ஏற்றதன்று.

எதை மாற்றினால் பயன், எதை மாற்றினால் வீண் அலைச்சல் என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. மாவரைக்கும் கிரைண்டர் 150 முதல் 200 வாட் வரையே இழுக்கும். அதை நள்ளிரவில் ஓட்டி அண்டை வீட்டாரின் தூக்கத்தைக் கெடுத்தாலும் ஒரு நாளைக்கு ஓரிரு பென்ஸுக்கு மேல் மிஞ்சுவது அரிது. மின்சார ஷவரோ 9 கிலோவாட் அளவுக்கு இழுக்கும். பத்து நிமிடக் குளியலுக்கு 1.5 யூனிட், அதாவது 37 பென்ஸுக்கு மேல். தண்ணீர்த் தொட்டிக்குள் இருக்கும் 3 கிலோவாட் ஹீட்டர், துணி உலர்த்தும் இயந்திரம், பாத்திரம் கழுவும் இயந்திரம் ஆகியவையே நேரம் மாற்றத் தக்கவை. உலர்த்தியை வீட்டில் அனைவரும் உறங்கும்போது ஓடவிட வேண்டாம் என்று தீயணைப்புத் துறையினர் அறிவுறுத்துவதால், அதை அதிகாலைக்கோ வார இறுதிப் பகலுக்கோ வைத்துக்கொள்வதே சரி.

எரிவாயு கொதிகலனால் சூடேறும் வீட்டில் குளிர்காலச் செலவின் பெரும்பகுதி எரிவாயுவுக்கே போகிறது. எரிவாயுவுக்கு மணிக்கொரு விலை கிடையாது. ஆகவே இத்தகைய வீடுகளுக்கு மீட்டரோடு தரப்படும் சிறிய திரையைப் பார்த்துச் சிக்கனமாக இருப்பதால் வரும் மிச்சம் மட்டுமே எஞ்சுகிறது; அது சராசரியாக இரண்டு, மூன்று சதவீத அளவில்தான் இருக்கும். ஆண்டுக்கு 1,700 பவுண்டு கட்டும் வீட்டுக்கு 50 பவுண்டு என்று வைத்துக்கொள்ளலாம். பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் நாள்தோறும் விதிக்கப்படும் நிலைக்கட்டணம் எந்த மீட்டராலும் குறையாது.

பணத்தைவிட நிம்மதிக்காக மீட்டர் பொருத்துவோரும் உண்டு. அது நியாயமான காரணமே. அளவை அனுப்பாத வீடுகளுக்கு நிறுவனம் உத்தேசமாகக் கணக்கிட்டு, பிறகு ஒருநாள் பெருந்தொகை கேட்பது இங்கே பலருக்கும் பழகிய தொல்லை. 2018 முதல், நிறுவனத்தின் தவறால் பில் போடப்படாதிருந்தால் 12 மாதங்களுக்கு முந்தைய பயன்பாட்டுக்குப் பணம் கேட்கக்கூடாது என்று விதி இருந்தாலும், ஒழுங்காக இயங்கும் ஸ்மார்ட் மீட்டர் இந்தச் சச்சரவையே பெரும்பாலும் தவிர்த்துவிடும். சாவியையோ அட்டையையோ கடைக்கு எடுத்துப்போய் முன்பணம் ஏற்றுபவர்களுக்கு நிம்மதி இன்னும் அதிகம், ஏனெனில் கைபேசியிலிருந்தே ஏற்றிக்கொள்ளலாம். இதற்கு மறுபக்கமும் உண்டு: கடன் சேர்ந்துவிட்டால், வீட்டுக்குள் வராமலேயே உங்கள் மீட்டரை முன்பண முறைக்கு மாற்ற நிறுவனத்தால் முடியும். 2023 தொடக்கத்தில் கட்டாய முன்பண மாற்றங்களை நிறுத்தச் சொன்ன கட்டுப்பாட்டு அமைப்பான ஆஃப்ஜெம், பின்னர் கடுமையான விதிகளோடுதான் அதை மீண்டும் அனுமதித்தது. வீட்டில் கைக்குழந்தையோ முதியவரோ தீராத நோயாளியோ இருந்தால், கூடுதல் உதவி தேவைப்படுவோருக்காக நிறுவனம் வைத்திருக்கும் முன்னுரிமைப் பதிவேட்டில் பெயரைச் சேர்த்துவிட்டு மீட்டருக்குச் சம்மதிப்பது புத்திசாலித்தனம்.

வாடகை வீட்டில் பில் உங்கள் பெயரில் வருமானால் முடிவு உங்களுடையது. உரிமையாளருக்குத் தெரிவித்துவிடுவது நல்லது. வாடகையோடு சேர்த்து உரிமையாளரே கட்டினால் முடிவும் அவருடையதே.

சம்மதிக்கும் முன் நிறுவனத்திடம் சிலவற்றைத் தெளிவாகக் கேட்க வேண்டும். எங்கள் முகவரியில் சிக்னல் கிடைக்குமா என்பது முதலாவது. தெற்கிலும் நடுப்பகுதியிலும் இம்மீட்டர்கள் கைபேசி வலையமைப்பு வழியாகவும், வட இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் தனி நெடுந்தூர வானொலி வழியாகவும் செய்தி அனுப்புகின்றன. நிலவறையில் மீட்டர் இருக்கும் வீடு, தடித்த கருங்கல் சுவருள்ள வீடு, எல்லா மீட்டர்களும் தரைத்தளத்தில் பூட்டிய அறையில் இருக்கும் அடுக்குமாடி ஆகியவற்றில் சிக்கல் வர வாய்ப்பு அதிகம். 2023 இறுதியில் ஏறத்தாழ 40 லட்சம் மீட்டர்கள் ஸ்மார்ட்டாக இயங்காமல் சாதாரண மீட்டர்களாகவே கிடந்தன என்பதை அரசின் புள்ளிவிவரமே ஒப்புக்கொண்டது. பொருத்தப்போவது இரண்டாம் தலைமுறை மீட்டர்தானா என்பது அடுத்த கேள்வி. முதல் தலைமுறை மீட்டர்கள் பல, நிறுவனம் மாறியதும் ஊமையாகிவிட்டன. காருக்கு மின்னேற்றும் கருவிக்கும் சூரியத் தகட்டுக்கும் அதே மீட்டர் போதுமா என்பதையும் கேட்டுவிட வேண்டும்.

பொருத்தும் நாளில் வீட்டில் வயதுவந்தவர் ஒருவர் இருக்க வேண்டும். மின்சாரம், எரிவாயு இரண்டுக்கும் சேர்த்து இரண்டு மணிநேரம்போல் ஆகும். இடையில் மின்சாரம் சிறிது நேரம் நிறுத்தப்படும். வீட்டில் மின்சாரத்தால் இயங்கும் மருத்துவக் கருவி இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மீட்டர் பெட்டியைச் சுற்றி அடுக்கியிருக்கும் அரிசி மூட்டைகளையும் பயணப் பெட்டிகளையும் முந்தைய இரவே அகற்றி வையுங்கள். எட்ட முடியாத மீட்டரைத் தொடாமல் பொறியாளர் திரும்பிப் போய்விடுவார். எரிவாயு மீட்டரை மாற்றுபவர், அடுப்பும் கொதிகலனும் பாதுகாப்பாக இருக்கின்றனவா என்று பார்ப்பார். ஆபத்து என்று கருதினால் அதன் இணைப்பை அவர் துண்டிக்கக்கூடும். எல்லாவற்றுக்கும் மேலாக, பழைய மீட்டரைக் கழற்றும் முன் அதன் எண்களையும் வரிசை எண்ணையும் கைபேசியில் படமெடுத்து வையுங்கள். பின்னர் பில்லில் குழப்பம் வந்தால், கழற்றிப் போன மீட்டர் என்ன காட்டியது என்பதற்கு உங்களிடமுள்ள சான்று அது ஒன்றுதான்.

பொருத்திய பின் மீட்டரின் மேல் இருக்கும் தொடர்புப் பெட்டியின் விளக்குகளைப் பாருங்கள். வலையமைப்பு விளக்கு சில விநாடிகளுக்கு ஒருமுறை பச்சையாக மினுங்கினால் தொடர்பு உண்டு. முதல் இரண்டு பில்களில் உள்ள அளவை மீட்டரின் திரையில் தெரியும் அளவோடு ஒப்பிடுவது அவசியம். எரிவாயு மீட்டர் கனமீட்டரில் காட்டும், பில் யூனிட்டில் வரும். ஒரு கனமீட்டர் ஏறத்தாழ 11 யூனிட். கையடக்கத் திரை நள்ளிரவு கடந்ததுமே சில பத்துப் பென்ஸ் செலவானதாகக் காட்டுவது கண்டு பதற வேண்டாம். அன்றைய நிலைக்கட்டணம் அது. திரையில் எரிவாயு அளவு அரை மணிக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்படும்.

அரை மணிக் கணக்கைப் பார்ப்பவருக்கு, வீட்டார் எப்போது எழுகிறார்கள், எப்போது வீடு காலியாக இருக்கிறது என்பது ஓரளவு புலப்படும். இது சிலருக்கு உறுத்தலாக இருக்கும். எவ்வளவு அடிக்கடி கணக்கெடுக்கலாம் என்பதை நிறுவனத்திடம் சொல்லி மாற்றிக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் அரை மணிக் கணக்கை மறுத்துவிட்டு நேரவிலைத் திட்டத்தில் சேர முடியாது. காரும் தகடும் இல்லாத, எரிவாயுவால் சூடேறும், மாதந்தோறும் தாமே அளவெடுத்து அனுப்பும் வீட்டார், தங்கள் பழைய மீட்டர் ஆயுள் முடியும்வரை பொறுத்திருந்தாலும் அவர்களுக்குப் பெரிய இழப்பில்லை என்பதே என் கருத்து.

பொருத்திய முதல் நாளே திட்டத்தை மாற்றிவிடாமல், இரண்டு மாத அரை மணிக் கணக்கைச் சேர்த்துக்கொண்டு, அதை வெவ்வேறு திட்டங்களின் விலையோடு பெருக்கிப் பார்த்தபின் மாறுவது நல்லது. ஒப்பந்தத்தை முறித்தால் வெளியேறும் கட்டணம் உண்டா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். வீடு மாறும்போது திரையை அந்த வீட்டிலேயே விட்டுச்செல்ல வேண்டும். ஸ்மார்ட் மீட்டர் உள்ள வீட்டுக்குக் குடிபோகிறவர், சாவி வாங்கிய அன்றே அளவைப் படமெடுத்து, மீட்டர் முன்பண முறையில் இருக்கிறதா, முந்தையவரின் கடன் அதில் ஏறியிருக்கிறதா என்று நிறுவனத்திடம் கேட்டுச் சரிசெய்துகொண்ட பிறகே முதல் தொகையை ஏற்ற வேண்டும்.