மதிப்பீடு கேட்டு மனு எழுதினோம்

அண்ணன் மகன் நான்காம் வகுப்பு. கணக்கை வாயால் கேட்டால் சட்டென்று விடை சொல்வான். எழுதச் சொன்னால் தவிப்பான். ‘வேற ஸ்கூல் பாருங்க’ என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். அண்ணன் கடலுக்குப் போயிருந்தார். தங்கச்சிமடத்திலிருந்து மதினி போனில் அழுதார்.

‘வாயால் கேட்க வேண்டாம் மதினி, எழுதிக் கொடுப்போம்’ என்றேன். கற்றல் குறைபாடு (படிப்பது, எழுதுவது, கணக்குப் போடுவது போன்றவற்றில் வரும் சிரமம்) இருக்கிறதா என்று மதிப்பீடு செய்யக் கேட்டுத் தலைமையாசிரியருக்கு மனு. நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கினோம். அதுதான் நிலைமையை மாற்றியது. இன்னொரு நகல், வட்டாரப் பள்ளிகளுக்கு உதவும் கல்வித்துறையின் வட்டார வள மையத்துக்கு. அங்கிருந்த சிறப்பாசிரியர் பையனோடு பொறுமையாக உட்கார்ந்து பார்த்து, மருத்துவ முகாமுக்கு அனுப்பினார்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் உண்டு. குறைபாட்டைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது. குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று இருந்தால், 6 வயது முதல் 18 வரை பக்கத்துப் பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கலாம். சிறப்புப் பள்ளி பெற்றோரின் விருப்பம். பள்ளியின் கட்டளை அல்ல. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள் ஆகியவற்றையும் சட்டம் சொல்கிறது.

அப்புறம் மதிப்பீட்டு அறிக்கை வந்தது, முழுக்க ஆங்கிலத்தில். மதினியோடு வரிவரியாகப் படித்தேன். ஒவ்வொரு வரிக்கும் ‘இதுக்காக வகுப்புல என்ன மாத்துவீங்க?’ என்று பள்ளியில் கேட்கச் சொன்னேன். மதினி கேட்டார். இப்போது அவனிடம் பாதிக் கேள்விகளை வாய்மொழியாகவே கேட்கிறார்கள்.