சிங்கப்பூர்ல ஹாஸ்பிஸ் செலவுக்கு எந்த இன்ஷூரன்ஸ் எதுக்கு வரும்?

எங்க மாமனாருக்கு கேன்சர் முத்தி, இனிமே வலி இல்லாம பார்த்துக்கிறதுதான், அதாவது ஹாஸ்பிஸ் பராமரிப்புதான்னு டாக்டர் சொன்னதும் பேப்பர் வேலை எல்லாம் நான்தான் பார்த்தேன். மெடிசேவ்னா மருத்துவச் செலவுக்குன்னு சம்பளத்துல பிடிச்சு வைக்கிற நம்ம சேமிப்பு, மெடிஷீல்ட் லைஃப்னா பெரிய ஆஸ்பத்திரி பில்லுக்கு உதவுற அரசாங்க இன்ஷூரன்ஸ்.

முதல்ல பராமரிப்பு எங்கன்னு முடிவு பண்ணுங்க. நர்ஸ் வீட்டுக்கு வர்றதா, பகல்ல மட்டும் டே ஹாஸ்பிஸா, இல்ல அங்கேயே தங்குறதா? தங்கிப் பார்க்கிறதுக்கு 2020 ஏப்ரல்ல இருந்து மெடிஷீல்ட் லைஃப் உண்டு, வீட்டுக்கு வர்ற சேவைக்கு அது கிடையாது. ஆனா எச்சிஏ ஹாஸ்பிஸ்னு ஒரு தொண்டு நிறுவனம் வீட்டுக்கு வந்து பார்க்கிறத இலவசமாவே செய்றாங்க, அதனால வீட்ல வச்சுப் பார்த்தா கட்டுப்படியாகாதுன்னு யாரும் பயப்பட வேணாம். மத்த இடங்கள்ல குடும்ப வருமானத்தை தலைக்கு வகுத்துப் பார்த்து மானியம் தருவாங்க.

அடுத்து மெடிசேவ். வீட்டு பராமரிப்புக்கும் டே ஹாஸ்பிஸுக்கும் ஒரு நோயாளிக்கு ஆயுசுக்கும் 2,500 வெள்ளிதான் (சிங்கப்பூர் டாலர்) எடுக்கலாம், ஆனா கேன்சரோ உறுப்பு கடைசி கட்டமா செயலிழந்ததோன்னா, நோயாளியோட சொந்த மெடிசேவ்ல இருந்து எடுக்க அந்த உச்சவரம்பு இல்ல. பிள்ளைங்க கணக்குல கை வைக்கிறதுக்கு முன்னாடி அவர் கணக்கைப் பாருங்க. மெடிக்கல் கிளெய்ம்ஸ் ஆத்தரைசேஷன் ஃபார்ம்ல (மெடிசேவ், இன்ஷூரன்ஸ்ல இருந்து காசு எடுக்க அனுமதி தர்ற படிவம்) அவர் நினைவு தெளிவா இருக்கிறப்பவே கையெழுத்து வாங்கிடுங்க.

இப்போ எங்களை ரொம்ப அலையவச்ச விஷயம், எல்டர்ஷீல்ட், அதாவது அன்றாட வேலையைத் தானா செய்ய முடியாமப் போனவங்களுக்கான இன்ஷூரன்ஸ். இது ஆஸ்பத்திரி பில்லுக்கு வர்ற காசு இல்ல, மாசாமாசம் கையில வர்ற காசு, பழைய திட்டத்துல 300 இல்லன்னா 400 வெள்ளி. குளிக்க, உடுத்த, சாப்பிட, டாய்லெட் போக, நடக்க, கட்டில்ல இருந்து நாற்காலிக்கு மாற, இந்த ஆறுல மூணுக்கு அடுத்தவர் உதவி வேணும்னு அசெஸ்ஸர் (நிலைமையைப் பரிசோதிக்கிறவர்) எழுதணும். 2021 நவம்பர்ல இருந்து எல்டர்ஷீல்ட அரசாங்கமே நடத்துது, அதனால பழைய பாலிசி பேப்பர்ல இருக்கிற கம்பெனிக்கு போன் போடாதீங்க, ஏஐசி (முதியோர் பராமரிப்பு உதவிகளைப் பார்த்துக்கிற அரசாங்க அமைப்பு) கிட்ட போங்க (கூடுதலா சப்ளிமெண்ட் வாங்கியிருந்தா மட்டும் அந்தக் கம்பெனி). அவங்களோட ஆன்லைன் விண்ணப்பத் தளமான இ-ஃபாஸ்ல சிங்பாஸ் (அரசாங்க டிஜிட்டல் அடையாளம்) வச்சு விண்ணப்பிக்கிறது பேப்பர் ஃபார்மை விட எவ்வளவோ மேல்.

சிக்கல் எங்கன்னா, நம்ம பெரியவங்க வெளியாள் முன்னாடி விட்டுக்கொடுக்க மாட்டாங்க. "நானே குளிப்பேன், நானே நடப்பேன்"னு மாமா மானத்தோட சொன்னாரு, உண்மையில என் வீட்டுக்காரர் தூக்கி உட்கார வைக்காம அவரால எழுந்திரிக்கவே முடியாது. அதனால கூட எப்பவும் பார்த்துக்கிறவங்க ஒருத்தர் கட்டாயம் உட்காருங்க, காலையில எழுந்ததுல இருந்து யார் எதுக்குக் கை கொடுக்கிறாங்கன்னு முன்கூட்டியே ஒரு நோட்டுல எழுதி வச்சு அசெஸ்ஸர்கிட்ட காட்டுங்க, அதுவும் பெரியவர் காதுல விழாம தனியா சொல்லுங்க, அவர் மனசு நோகக்கூடாது. நடக்க முடியலன்னா அசெஸ்ஸர் வீட்டுக்கே வருவாங்க, முதல் தடவைக்கு கட்டணம் இல்ல. தள்ளிப்போடாதீங்க, இந்த நோய்ல நிலைமை வாரத்துக்கு வாரம் மாறும்.

மெடிஷீல்ட் லைஃபுக்கு மேல கூடுதலா வாங்குற தனியார் இன்டகிரேட்டட் ஷீல்ட் பிளான் இருந்தா, ஹாஸ்பிஸ்ல தங்கினா உண்டா, எவ்வளவுன்னு ஏஜென்ட்கிட்ட ஈமெயில்லயே கேளுங்க. வாய்வார்த்தை வேணாம். எதுவுமே பத்தலன்னா மெடிக்கல் சோஷியல் வொர்க்கர்கிட்ட மெடிஃபண்ட் (பில் கட்ட முடியாதவங்களுக்கான அரசாங்க உதவி நிதி) பத்தி கேளுங்க, அதுக்குன்னுதான் அவங்க இருக்காங்க, கூச்சப்படாதீங்க.

பின்சேர்க்கை: நோயாளிக்கு இன்னும் 60 வயசு ஆகலன்னா என்னன்னு ஒரு அக்கா கேட்டிருந்தாங்க. அக்கா, சிபிஎஃப்ல (சம்பளத்துல பிடிக்கிற சேமிப்பு நிதி) டிபிஎஸ்ங்கிற குடும்பப் பாதுகாப்பு ஆயுள் இன்ஷூரன்ஸ் இருக்கான்னு உடனே பாருங்க. அது இறந்த பிறகு மட்டும் வர்ற காசுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, ஆனா உயிர் பிழைக்க வழியில்லாத கடைசி கட்ட நோய்னு டாக்டர் சான்று தந்தா உயிரோட இருக்கும்போதே 70,000 வெள்ளி வரைக்கும் கிடைக்கும், 60ல இருந்து 65 வரைக்கும்னா 55,000. அதை கிரேட் ஈஸ்டர்ன்ங்கிற இன்ஷூரன்ஸ் கம்பெனி நடத்துறாங்க, கிளெய்ம் அங்கதான் போடணும்.