கோலாலம்பூர், பினாங்கு கிளைகளுக்கு ஒரே தொலைபேசி அமைப்பு: எப்படித் தேர்வது?

பிரிக்ஃபீல்ட்ஸில் அலுவலகம், ஜார்ஜ்டவுனில் கடை, பட்டர்வொர்த்தில் கிடங்கு, மூன்றுக்கும் இணையவழித் தொலைபேசி என்றால், முதலில் எண்ண வேண்டியது கருவிகளை அல்ல. ஒரே நேரத்தில் எத்தனை அழைப்புகள் ஓடும் என்பதை. விற்பனையாளர்கள் ஆளுக்கொரு சேனல் (ஓர் அழைப்புக்கான தடம்) விற்கப் பார்ப்பார்கள். 20 பேர் உள்ள சாதாரண அலுவலகத்துக்கு 5 அல்லது 6 போதும். முழுநேரமும் போனில் பேசும் பிரிவுக்கு மட்டும் ஆளுக்கொன்று.

குரலைத் தரவாக மாற்றும் ஜி.711 கோடெக்கில் ஓர் அழைப்பு ஒவ்வொரு திசையிலும் சுமார் 87 கேபிபிஎஸ் எடுக்கும். பத்து அழைப்புக்கு 1 எம்பிபிஎஸ்கூட ஆகாது. ஆக, இணைய வேகத்தைவிடச் சீரே முக்கியம்: ஒருவழித் தாமதம் 150 மில்லிவினாடி, ஜிட்டர் (தாமதத்தின் ஏற்ற இறக்கம்) 30 மில்லிவினாடி, பாக்கெட் இழப்பு (வழியில் தொலையும் தரவு) 1 விழுக்காடு தாண்டக்கூடாது. யாராவது பெரிய கோப்பு ஏற்றும் வேலை நேரத்திலேயே சோதியுங்கள். ரௌட்டரில் குரலுக்கு முன்னுரிமை கொடுங்கள். அதற்கான முன்னுரிமைக் குறியீடான டிஎஸ்சிபியின் மதிப்பு 46.

ஒரு பக்கக் குரல் மட்டும் கேட்கிறதா? முதலில் ரௌட்டரில் அழைப்புத் தகவலை இடையில் மாற்றும் எஸ்ஐபி ஏஎல்ஜி என்ற வசதியை அணைத்துப் பாருங்கள். பெரும்பாலும் குற்றவாளி அதுதான்.

உள் எண்களை பிரிக்ஃபீல்ட்ஸுக்கு 201, ஜார்ஜ்டவுனுக்கு 401, பட்டர்வொர்த்துக்கு 501 எனத் தொடங்குங்கள். 9-இல் தொடங்கினால் அவசர எண் 999 உடன் மோதும். பினாங்கிலிருந்து 999 அழைத்தால் அழைப்பவர் எண்ணாக அங்குள்ள 04 எண்ணே போக வேண்டும். கோலாலம்பூரின் 03 எண் போனால் உதவி தவறான ஊருக்குத் திரும்பக்கூடும். இதை விற்பனையாளரிடம் எழுத்தில் கேளுங்கள்.

பழைய எண்ணைப் புதிய சேவைக்கு மாற்றி முடியும்வரை பழைய லைனை ரத்து செய்யாதீர்கள், எண்ணே போய்விடலாம். மின்தடைக்கு ஃபைபர் மோடம், ரௌட்டர், பிஓஇ சுவிட்ச் (நெட்வொர்க் கேபிள் வழியே போன்களுக்கு மின்சாரம் தருவது) மூன்றையும் யுபிஎஸ்ஸில் இணையுங்கள்.