தமிழ் மீடியத்திலிருந்து பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி: முதல் செமஸ்டரை எப்படிப் படிப்பது

குடியாத்தத்தில் பிளஸ் டூ வரை தமிழிலேயே படித்துவிட்டு, வேலூரில் கெமிஸ்ட்ரி சேர்ந்தேன். முதல் வாரமே மேடம் 'எலக்ட்ரோநெகட்டிவிட்டி' என்று ஒரு மணி நேரம் நடத்தினார். ஒன்றும் புரியவில்லை. காட்பாடியில் ரயில் ஏறி, லத்தேரி தாண்டும் வரைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்து பிளஸ் ஒன் புத்தகத்தைப் புரட்டினால் அங்கே இருக்கிறது, எலக்ட்ரான் கவர்தன்மை! பரீட்சையில் நான் முழு மார்க் வாங்கிய கேள்வி.

அதனால் முதல் வேலை, பழைய புத்தகத்தை எடைக்குப் போடாதீர்கள். நம் பாடநூல் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே பாடம், ஒரே வரிசை. ஆங்கிலப் புத்தகத்தை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். கல்லூரியில் 'கெமிக்கல் பாண்டிங்' ஆரம்பிக்கிறார்கள் என்றால், முந்தின ராத்திரி அந்தப் பாடத்தை இரண்டிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். கோவேலன்ட் பாண்ட் என்றால் சகப்பிணைப்பு, ஹைபிரிடைசேஷன் என்றால் இனக்கலப்பு. ஒரு நோட்டில் இடது பக்கம் ஆங்கிலச் சொல், வலது பக்கம் தமிழ்ச் சொல், கீழே உங்கள் வார்த்தையில் ஒரு வரி. அந்த ஒரு வரியை விட்டுவிடாதீர்கள். எலக்ட்ரான் அஃபினிட்டியையும் எலக்ட்ரோநெகட்டிவிட்டியையும் வகுப்பில் பாதிப் பேர் குழப்பிக்கொண்டார்கள். என் நோட்டில் இருந்தது இதுதான்: "நாட்டம்: தனி அணு ஓர் எலக்ட்ரானைச் சேர்க்கும்போது வெளிவரும் ஆற்றல். கவர்தன்மை: பிணைப்பில் இருக்கும் பொது எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுப்பது." இழுப்பது என்று எழுதிய பிறகு எனக்கு மறக்கவே இல்லை.

தேர்வில் ஆங்கிலத்தில்தானே எழுத வேண்டும்? ஆமாம். புரிந்ததைச் சின்னச் சின்ன வாக்கியமாக எழுதிப் பாருங்கள், தினம் ஐந்து வரி போதும். மனப்பாடம் செய்த பெரிய வாக்கியத்தில் ஒரு வார்த்தை விட்டுப்போனால் மொத்தமும் போய்விடும்.

லேபில் மொழிப் பிரச்சினை குறைவு, கண்தான் வேலை செய்யணும். டைட்ரேஷனில் ஒரு கரைசலைக் குடுவையில் இருக்கும் இன்னொன்றில் சொட்டுச் சொட்டாக விட்டு, வினை முடிய எவ்வளவு ஆகிறது என்று அளப்போம். அதற்கான பியூரெட்டை (அளவுக் கோடு போட்ட, அடியில் திருகு உள்ள கண்ணாடிக் குழாயை) முதலில் தண்ணீரில் கழுவி, அப்புறம் ஊற்றப்போகும் கரைசலிலேயே கொஞ்சம் விட்டு அலசுங்கள். பெர்மாங்கனேட் கரைசல் அடர் ஊதாவாக இருப்பதால் அதன் மட்டத்தில் குழிந்து நிற்கும் அடி வளைவு தெரியாது, மேல் விளிம்பைப் பார்த்துத்தான் அளவு எடுக்கணும். முதலில் குடுவையில் சொட்டு விழுந்ததும் நிறம் மறைந்துவிடும். மறைய நேரமெடுக்க ஆரம்பித்தால் திருகை இறுக்கி, ஒவ்வொரு சொட்டாக விடுங்கள். குடுவைக்கு அடியில் வெள்ளைத்தாள் வையுங்கள். கலக்கிய பிறகும் இளஞ்சிவப்பு மங்கலாக நின்றால், அதுதான் முடிவு நிலை. அழகான ரோஸ் வரட்டும் என்று காத்திருந்தால் தாண்டிவிட்டது என்று அர்த்தம்.

இன்னொன்று. ஆறிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். சேர்ந்த உடனே கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள். என் சீசன் டிக்கெட்டும் நோட்டும் அதில்தான். லுங்கி நெய்கிற அப்பாவிடம் அதற்காகக் கை நீட்ட வேண்டியிருக்கவில்லை.

இந்த ஜூனில் எங்கள் தெருவிலிருந்து ஒரு பெண் கெமிஸ்ட்ரி சேர்கிறாள். பிளஸ் ஒன் புத்தகங்களை அவளுக்கு எடுத்து வைத்திருக்கிறேன், நோட்டையும் சேர்த்து.