கடையில செக்யூரிட்டி புடிச்சு நிறுத்திட்டா பசங்க என்ன பண்ணணும், பெத்தவங்க என்ன பண்ணணும்

ஸ்கூல் விட்டதும் நாலஞ்சு பசங்க பேக்கோட சூப்பர்மார்க்கெட் உள்ள நுழைஞ்சா செக்யூரிட்டி கண்ணு அவங்க பின்னாடியே போகும், அதே கடையில பெரியவங்க அரை மணி நேரம் சுத்தினாலும் யாரும் கண்டுக்க மாட்டாங்க. அதனால தப்பே பண்ணாத பிள்ளை கூட ஒரு நாள் மாட்டிக்கலாம். அந்த நேரத்துல பயத்துல என்ன பண்றதுன்னு தெரியாம அழுதுட்டு, கேட்ட பேப்பர்ல எல்லாம் கையெழுத்து போட்டுட்டு வர்ற பிள்ளைங்கள நெனச்சுதான் இத எழுதுறேன். 13லருந்து 17 வயசு வரைக்கும் பசங்க இருக்கிற வீட்டுல சேர்ந்து உக்காந்து படிங்க.

மொதல்ல சின்ன விஷயங்கள். பேக்க டோக்கன் கவுன்ட்டர்ல குடுத்துடு. வெளிய வாங்கின சிப்ஸ், பேனா, லிப் பாம் எதாவது கையில இருந்தா உள்ள போகும்போதே செக்யூரிட்டிகிட்ட காட்டிட்டு போ. எடுத்த பொருள பில் போடுற வரைக்கும் கூடையிலயே வை, கை வலிக்குதுன்னு பாக்கெட்ல சொருகாத. பில்ல கசக்கி கவுன்ட்டர் பக்கத்துலயே போட்டுட்டு வராத, வீடு போற வரைக்கும் வச்சிரு.

வாசல்ல மெஷின் பீப்னு கத்தினா உடனே திருட்டுன்னு அர்த்தம் இல்ல. பில் போட்டவங்க டேக்க எடுக்க மறந்திருப்பாங்க, இல்ல வேற கடையில வாங்கின துணியில டேக் ஒட்டிக்கிட்டே இருந்திருக்கும். அங்கயே நில்லு, பில்ல எடு, திரும்பி வா. ஓடாத. என்ன ஆனாலும் ஓடாத. ஓடினா எல்லாரும் திருடன்னு முடிவே பண்ணிடுவாங்க, பின்னாடி துரத்துறவங்க கை வைக்கவும் அது ஒரு சாக்கு, ரோட்டுல வண்டி வேற வரும்.

நிறுத்தினாங்கன்னா குரல உயர்த்தாம "அண்ணா பில் இருக்கு பாருங்க"ன்னு சொல்லு. பேக்க பாக்கணும்னு சொன்னா நீயே தொறந்து, நாலு பேர் இருக்கிற எடத்துல, கேமரா இருக்கிற எடத்துல, ஒவ்வொண்ணா எடுத்து வெளிய வச்சு காட்டலாம், அது உன் இஷ்டம். ஆனா உன் பாக்கெட்ல கை விடுறது, ஒடம்ப தடவி பாக்குறது, சட்டைய கழட்ட சொல்றது இதுக்கெல்லாம் "வேணாம், எங்க அம்மா அப்பா வரட்டும்"னு சொல்லு. பொண்ணுங்கன்னா ஆம்பள செக்யூரிட்டி தொடவே கூடாது, போலீஸே ஆனாலும் பொண்ணுங்கள பொம்பள போலீஸ்தான் சோதனை போடணும்னு சட்டம் இருக்கு. ஃபோன் லாக்க தொறந்து குடுக்க சொன்னா குடுக்காத. அதே சமயம் தள்ளுறது, அடிக்கிறது, கெட்ட வார்த்த சொல்றது எதுவும் வேணாம், அத புடிச்சுக்கிட்டு பெரிய கேஸா ஆக்கிடுவாங்க.

"மேனேஜர் ரூமுக்கு வா"ன்னு கூப்பிடுவாங்க. இங்கதான் ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும். "இங்கயே பேசலாம் சார், எங்க வீட்டுக்கு ஃபோன் பண்றேன்"னு சொல்லு. கட்டாயப்படுத்தி கூட்டிட்டு போனா கதவு தொறந்தே இருக்கட்டும்னு கேளு, பொண்ணா இருந்தா ஒரு பொம்பள ஸ்டாஃப் கூட இருக்கணும்னு கேளு. ஃபோன புடுங்கினா பக்கத்துல நிக்கிற கஸ்டமர் யாரையாவது பாத்து "அக்கா, எங்க அம்மா நம்பர் இது, கொஞ்சம் கூப்பிட்டு சொல்லுங்க"ன்னு சத்தமா சொல்லு, அதுக்கு அம்மா இல்ல அப்பா நம்பர் மனப்பாடமா தெரிஞ்சிருக்கணும், இப்ப பாதி பசங்களுக்கு தெரியறதே இல்ல. குழந்தைங்களுக்கான ஹெல்ப்லைன் 1098, அவசர போலீஸ் 112.

செக்யூரிட்டி போலீஸ் கிடையாது, கடைக்காரங்க சம்பளம் குடுத்து வச்சிருக்கிற ஆள், அவருக்கு போலீஸ் அதிகாரம் எதுவும் இல்ல. போலீஸ் இல்லாத சாதாரண ஆளு இன்னொருத்தர புடிச்சு வைக்கிறத பத்தி பிஎன்எஸ்எஸ் சட்டத்துல (கைது, விசாரணை எப்படி நடக்கணும்னு சொல்ற சட்டம்) 40வது பிரிவு இருக்கு. கண்ணு முன்னாடி குத்தம் நடக்கணும், அதுவும் ஜாமீன் உரிமையா கெடைக்காத, போலீஸ் நேரா எடுத்து விசாரிக்கக்கூடிய குத்தமா இருக்கணும், புடிச்சா தாமதிக்காம, அதிகபட்சம் 6 மணி நேரத்துக்குள்ள போலீஸ்கிட்ட ஒப்படைக்கணும். 5,000 ரூபாய்க்கு கீழ உள்ள சாதாரண திருட்ட பிஎன்எஸ் (எது குத்தம், என்ன தண்டனைன்னு சொல்ற சட்டம்) 303ல ஜாமீன் கெடைக்கிற குத்தமாதான் வச்சிருக்காங்க, மொதல் தடவைன்னா பொருளயோ அதோட மதிப்பையோ திருப்பி குடுத்தா தண்டனை சமூக சேவைதான். பொருள் வச்சிருக்கிற கட்டடத்துல திருட்டுன்னு பிஎன்எஸ் 305வது பிரிவுல போட்டா மட்டும் கணக்கு மாறும், அது ஜாமீன் உரிமையா கெடைக்காத குத்தம். எப்படி பாத்தாலும் சந்தேகத்துல ஒரு பிள்ளைய ரூம்ல பூட்டி வைக்கிறது, அடிக்கிறது, முட்டி போட வைக்கிறது, இதுக்கெல்லாம் எந்த சட்டத்துலயும் எடம் இல்ல. பூட்டி வச்சா பிஎன்எஸ் 127ல அதுவே ஒரு குத்தம்.

இப்ப முக்கியமானது, கையெழுத்து. "இதுல கையெழுத்து போடு, விட்டுடறோம்"னு ஒரு வெள்ளை பேப்பர் நீட்டுவாங்க, இல்ல "நான் திருடினேன், மன்னிச்சிடுங்க"ன்னு எழுத சொல்லுவாங்க, இல்ல வீடியோவுல சொல்ல சொல்லுவாங்க. ஸ்கூலுக்கு ஃபோன் போடுவேன், வாழ்க்கையே போயிடும்னு மெரட்டுவாங்க. அந்த நேரத்துல எப்படியாவது வெளிய போனா போதும்னுதான் தோணும், ஆனா அந்த பேப்பர் அங்கயே இருக்கும், நாளைக்கு எதுக்கு வேணா எடுத்து காட்டுவாங்க. "எங்க அப்பா வராம நான் எதுலயும் கையெழுத்து போட மாட்டேன்" இந்த ஒரு வரிய திரும்ப திரும்ப சொல்லு, அழுதுகிட்டே சொன்னாலும் பரவால்ல. "திருடினால் பத்து மடங்கு அபராதம்"னு செவுத்துல போர்டு மாட்டியிருந்தா அதுக்கு சட்ட பலம் கிடையாது, அபராதம் போடுறது கோர்ட் வேலை. கேஸ் போட்டுடுவேன்னு மெரட்டி காசு புடுங்கினா பணம் பறிக்கிற குத்தத்துல அவங்கதான் மாட்டுவாங்க.

சரி, உண்மையிலேயே எடுத்துட்டேன்னு வை. ஃப்ரெண்ட்ஸ் உசுப்பேத்தினாங்க, ஆசைப்பட்ட, கையில காசு இல்ல, எதுவா வேணா இருக்கட்டும். கதை கட்டாத, ஒரு பொய்ய மறைக்க பத்து பொய் வரும், கேமராவுல பதிவும் இருக்கும். பொருள குடுத்துடு. மத்தத அம்மா அப்பா வந்ததும் பேசுறேன்னு சொல்லிட்டு அமைதியா இரு. வீட்டுல உண்மைய முழுசா சொல்லு. மேல சொன்ன எல்லாமே உனக்கும் பொருந்தும், தப்பு பண்ணின பிள்ளையயும் அடிக்கக்கூடாது, பூட்டி வைக்கக்கூடாது.

பெத்தவங்களுக்கு. ஃபோன் வந்ததும் "இருப்பா, பத்து நிமிஷத்துல வர்றேன், எதுலயும் கையெழுத்து போடாத"ன்னு மட்டும் சொல்லுங்க. அங்க போனதும் மானம் போச்சேன்னு எல்லார் முன்னாடியும் பிள்ளைய ஒரு அறை விடாதீங்க. அந்த அறைய கடைக்காரங்க ஒப்புதல் வாக்குமூலமாவே எடுத்துப்பாங்க, பிள்ளைக்கும் நீங்க கூட தன் பக்கம் இல்லன்னு ஆயிடும். மொதல்ல தனியா ரெண்டு நிமிஷம் பேசுங்க. அப்புறம் மேனேஜர்கிட்ட கேளுங்க: யாரு பாத்தது, என்ன பொருள், எத்தன மணிக்கு, சிசிடிவிய போடுங்க. பிள்ளை எடுத்தது உறுதியா தெரிஞ்சா பொருளோட வெலைய குடுத்து பில் வாங்குங்க, மன்னிப்பு கேளுங்க, அதுக்கு மேல காசு கேட்டா "போலீஸ கூப்பிடுங்க, பேசிக்கலாம்"னு சொல்லிடுங்க.

போலீஸ் வந்தா பயந்துடாதீங்க. 18 வயசு ஆகாத பிள்ளைகளுக்கு 2015ல வந்த சிறார் நீதி சட்டம்தான். லாக்கப்ல வைக்கக்கூடாது, வெலங்கு மாட்டக்கூடாது, பெத்தவங்களுக்கு தகவல் சொல்லணும், வாக்குமூலம்னு எதுலயும் பிள்ளைகிட்ட கையெழுத்து வாங்கக்கூடாது, புடிச்சு வச்சா 24 மணி நேரத்துக்குள்ள சிறார் நீதி வாரியம் முன்னாடி நிறுத்தணும். இந்த மாதிரி சின்ன கேஸ்ல பெரியவங்க யாரும் கூட சேர்ந்து செய்யலன்னா எஃப்ஐஆர் போட மாட்டாங்க, ஸ்டேஷன் டைரியில எழுதிட்டு வாரியத்துக்கு அனுப்புவாங்க. விசாரணையில இருக்கிற பிள்ளையோட பேரு, போட்டோ, ஸ்கூல் பேரு எதையும் வெளிய விடக்கூடாது, 74வது பிரிவு படி 6 மாசம் வரை ஜெயில், 2 லட்சம் வரை ஃபைன், இல்ல ரெண்டும் சேர்த்தே கெடைக்கலாம். கடை ஸ்டாஃப் வாட்ஸ்அப் குரூப்ல போட்டோ போட்டிருந்தா ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க.

பிள்ளை மேல தப்பு இல்லன்னா அன்னைக்கு ராத்திரியே உக்காந்து எழுதுங்க: எத்தன மணிக்கு நிறுத்தினாங்க, பேட்ஜ்ல என்ன பேரு, எந்த ரூம், என்ன சொன்னாங்க, யாரு பாத்தாங்க. சிசிடிவி பதிவு கொஞ்ச நாள்ல தானா அழிஞ்சிடும், அதனால மறுநாளே அந்த நேரத்து பதிவ அழிக்காதீங்கன்னு கடைக்கு எழுத்துல, ஈமெயில்ல அனுப்புங்க. அடி பட்டிருந்தா கவர்மென்ட் ஆஸ்பத்திரியில காட்டி காயத்த பதிவு பண்ண சொல்லுங்க. அதுக்கப்புறம் போலீஸ் புகார். வக்கீலுக்கு காசு இல்லையேன்னு விட்டுடாதீங்க, பிள்ளைகளுக்கு இலவச சட்ட உதவி கெடைக்கும், 15100க்கு கூப்பிட்டா உங்க மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு எப்படி போறதுன்னு சொல்லுவாங்க.